வளைவில் வெட்டிய கால்வாய்

2004 ஏப்ரல், சனிக்கிழமை இரவு.

நாளை காலை சைக்கிள் பந்தயம். மழைத்தண்ணீர் பாதையோடு ஓடாமல் தைலமரத் தோப்புக்குள் திரும்பட்டும் என்று, போன ஞாயிறு முழுக்க மலைப்பாதையின் வளைவில் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டினேன். எங்கள் கிளப் செயலாளர் கிரீஷ் வியாழக்கிழமை அதை மூடிவிட்டான். ரேஸுக்குப் பாதை வழவழவென்று இருக்கவேண்டுமாம். நேற்று சாயங்காலம் கோடை மழை கொட்டியது. தண்ணீர் நேராக இறங்கி, பாதையை அரித்து, கீழே முனியப்பாவின் தக்காளித் தோட்டத்தில் சேற்றைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது.

காலையில் அவர் என்னைத்தான் பிடித்தார். "இன்னொரு தடவ தண்ணி இங்க எறங்குச்சுன்னா வேலி போட்டுடுவேன்மா. அப்புறம் என் நெலத்துல ஒரு சைக்கிளும் வரக்கூடாது."

பாதை முடிவதே அவர் நிலத்தில்தான். மம்பட்டியை எடுத்து மறுபடி வெட்ட ஆரம்பித்தேன். கிரீஷ் ஓடிவந்தான், வழக்கம்போலக் கன்னடம் கலந்த தமிழோடு.

"சும்னே எதுக்கு ஸ்டெல்லா இந்த வேலை? அந்தப் பள்ளத்துல ஸ்பீடே போயிடும். நீ ரிஜிஸ்ட்ரேஷன் டேபிள பாத்துக்கோ, போதும்."

"ஸ்பீடு வேணும்னா ஓசூர் ரோட்டுல போய் ஓட்டு," என்றேன்.

மதியத்துக்குள் வெட்டி முடித்து, கரையை மிதித்து இறுக்கினேன். உள்ளங்கையெல்லாம் கொப்புளம், பேனா பிடித்தாலே எரிகிறது. ஜன்னலில் மண்வாசனை அடிக்கிறது. வரட்டும் மழை. நாளை ஓட்டுகிறவர்கள் பட்டியலில் என் பெயரையும் எழுதிவிட்டேன்.

கிளப்பில் இருப்பது ஒரே மம்பட்டி. அது இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மூடித்தான் ஆகவேண்டும் என்றால் கிரீஷ் வெறுங்கையால் மண் அள்ளட்டும்.