வலப்பக்கப் பொக்கற்

நவம்பர் 16, 2024

ஜக்கெற் ஒன்று வாங்கினேன். கறுப்பு, தொப்பி வைத்தது, இடுப்புக்குக் கீழே வருகிற நீளம். மனைவி பாலேஸ்வரி தடவிப் பார்த்துவிட்டு, இதே மாதிரி ஒன்று வீட்டில் கிடக்கிறதுதானே என்றாள். கிடக்கிறதுதான். அதன் பொக்கற் ஆழம் காணாது. அதை அவளிடம் சொல்லவில்லை. கடையில் ஒவ்வொரு ஜக்கெற்றின் வலப்பக்கப் பொக்கற்றுக்குள்ளும் கையை விட்டுவிட்டுப் பார்த்த என்னை விற்கிற பிள்ளை என்னவென்று நினைத்ததோ.

நவம்பர் 18

எங்கள் நகைக்கடையின் கண்ணாடிகளை இன்றுதான் முழுதாக மாற்றி முடித்தார்கள். நகைகளைத் திரும்ப அடுக்கும்போது மூலைக்குள் ஒரு கண்ணாடித் துண்டு மினுங்கியது. குனிந்து எடுத்தேன். பிறகு நிமிர மனம் வரவில்லை.

கொள்ளை நடந்த அன்றைக்கும் அந்த மூலைக்குள்தான் கிடந்தேன். பட்டப்பகலில் முகத்தை மூடிக்கொண்டு நாலு பேர் வந்தார்கள், கையில் சுத்தியல். முதல் கண்ணாடி உடைந்த சத்தத்தோடு நான் நிலத்தில் குப்புற விழுந்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் பிளேன் இரைந்தால் விழுந்து கிடப்போமே, அதே மாதிரி. ரொறன்ரோவுக்கு வந்து இத்தனை காலம், உடம்பு மறக்கவில்லை. என்னோடு வேலைசெய்த நதீஷா விழவில்லை. நின்றபடியே ஷோகேஸ் பூட்டின் திறப்பை எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய முகத்துக்கு நேரே சுத்தியலைப் பிடித்துக்கொண்டிருந்தானாம். நான் பார்க்கவில்லை. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி வேலைக்கு வரமுடியாது என்று பிறகு ஃபோனில் சொன்னாள். "அண்ணை, குறை நினையாதேங்கோ. கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்குது."

நீங்கள் ஏன் விழுந்து கிடந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கதவை இரட்டைக் கதவாக்கி, ஆளைப் பார்த்து மணி அடித்து உள்ளே விடும்படி பொலிஸ்காரர் சொல்லிவிட்டுப் போனார். தாலிக்குப் பொன் வாங்க வருகிற சனத்தை, கைதிகளை மறியலுக்குள் விடுவதுபோல விடுவதா? நான் மாட்டேன்.

நவம்பர் 24

பாலேஸ்வரியின் தம்பி பிரியந்தன் மிச்சிகனில் பெற்றோல் நிலையம் நடத்துகிறான். அங்கே அனுமதி எடுத்துக் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம். அவன் ஒரு பிஸ்ரல் வைத்திருக்கிறான். இன்று அவனோடு நீளக் கதைத்தேன். வருத்தத்துக்கு மருந்து கேட்பதுபோல நான் கேட்க, அவனும் பொறுமையாகச் சொன்னான். இடுப்பில் செருகினால் நகைக்கடைக்காரனுக்குச் சரிவராது. ஷோகேசுக்குள் குனிகிற நேரமெல்லாம் சட்டை மேலே போகும், சனம் பார்க்கும். கணுக்காலில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்களாம். "அத்தான், நீங்கள் குனிஞ்சு காற்சட்டையைத் தூக்கி முடிக்க, வந்தவன் கடையைக் கூட்டித் துடைச்சுக்கொண்டு போயிடுவான்," என்று சிரித்தான். பையில் வைத்தால் ஒருநாள் பையை எங்கேயாவது மறந்துவிட்டு வருவோம். எல்லாவற்றிலும் பொக்கற்தான் நல்லது. குளிர்காலத்தில் எல்லாரும் பொக்கற்றுக்குள் கைவிட்டுக்கொண்டுதானே நிற்கிறார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கடைசியாக, உங்கே அது குற்றம், பிடித்தால் மறியல்தான், வீணாக யோசிக்காதீர்கள் என்றான். சும்மா அறிவுக்குக் கேட்டேன் என்றேன்.

டிசம்பர் 3

வந்துவிட்டது. யார் தந்தது என்று இங்கேகூட எழுதமாட்டேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். பார்த்தால் விளையாட்டுச் சாமான்போல இருக்கிறது, தூக்கினால் இல்லை.

பாலேஸ்வரிக்குத் தெரியாது.

டிசம்பர் 11

நன்றாக நித்திரை வருகிறது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

டிசம்பர் 26

அஜக்ஸிலிருந்து மகள் வந்தாள். சாம்பவி வாசலிலேயே கட்டிப்பிடிக்கிறவள். நான் ஜக்கெற்றைக் கழற்ற முதலே ஓடி வந்தாள். உடம்பைச் சட்டென்று திருப்பி இடப்பக்கத்தைக் கொடுத்தேன். அவள் கொஞ்சம் விலகி நின்று, "Appa, are you okay? நெஞ்சு நோகுதா?" என்றாள். முதுகு பிடித்துவிட்டது என்று சொன்னேன். பின்னேரம் முழுக்க என் முதுகுக்கு எண்ணெய் பூசிவிட்டாள், சுகமாக இருக்கிற முதுகுக்கு. அவளுடைய விரல் பட்ட இடமெல்லாம் கூசியது.

ஜனவரி 14, 2025

பொங்கல். கடையில் ஓரளவு சனம். ஒரு பெடியன், கலியாணம் பேசி முடிந்தவன், கவுண்டருக்கு முன்னால் நின்று கதைத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று ஜக்கெற்றுக்குள் கையை விட்டான். என் கையும் பொக்கற்றுக்குள் போய்விட்டது. பிடித்துவிட்டேன். எடுக்கவில்லை, ஆனால் பிடித்துவிட்டேன்.

அவன் எடுத்தது ஃபோன். தாலிக்கொடிப் படம் ஒன்றைக் காட்டி, இப்படிச் செய்யலாமோ அங்கிள் என்று கேட்டான். செய்யலாம் என்றேன். பொக்கற்றுக்குள்ளிருந்து கையை வெறுமையாக எடுத்தேன்.

ஜனவரி 30

நாளை மறுநாள் சதுர்த்தி. பிள்ளையார் கோயிலில் அன்றைய பூசைச் செலவு எங்கள் உபயம். உபயகாரன் வேட்டி கட்டி, சட்டையில்லாமல் சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் நிற்கவேண்டும். சாமி வெளியே வரும்போது தோள் கொடுக்கவேண்டும். வேட்டிக்கு என்ன வழியென்று பிரியந்தன் சொல்லித் தரவில்லை.

காரில் வைக்கலாமென்றால், அந்தப் பார்க்கிங்கில் காரையே களவெடுக்கிறார்கள். வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். போகலாம்தான். ஆனால் அது இல்லாமல் வெளியே இறங்கி எத்தனை நாள்? ஜக்கெற்றுக்குள்ளேயே இருக்கட்டும். கோயில் வாசலில் எல்லாரும் ஜக்கெற்றைக் கொக்கியில் கொழுவிவிட்டுத்தானே உள்ளே போகிறோம். சாமியைக் கும்பிட வந்த சனம் மற்றவனின் பொக்கற்றுக்குள்ளா கைவிடப்போகிறது?

பெப்ரவரி 1

ஜக்கெற் மாறிப்போய்விட்டது.

பெப்ரவரி 2

நேற்று அந்த ஒரு வரிக்குமேல் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

பூசை முடிந்து எல்லாரும் கீழ் மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாசலுக்கு வந்து ஜக்கெற்றைப் போட்டேன். அளவு சரி, நிறம் சரி, தொப்பி சரி. வலப்பக்கம் கைவிட்டால் ஒன்றுமில்லை. இடப்பக்கம் ஒரு பிடி ரொஃபி மிட்டாய்.

கோயில் அலுவலகத்தில் இருக்கிற றமேஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டான். ஜக்கெற் மாறிவிட்டது என்றேன். "மைக்கில சொல்லட்டே அண்ணை? சனம் இன்னும் கீழதான் நிக்குது," என்று மைக்கைக் கையில் எடுத்தான்.

வேண்டாம் என்றேன். பழைய ஜக்கெற், பெரிய விசயமில்லை என்றேன். யாராவது கேட்டுவிட்டு அந்தப் பொக்கற்றைத் தடவிப் பார்ப்பார்களே என்று பயம். பார்த்தால் நான் யாரென்று தெரிந்துவிடுமே. எனக்கு என்னை நினைத்துத்தான் பயம். வேறு ஒருவருக்காகவும் அந்த நேரம் பயப்படவில்லை.

கீழே போய்ப் பாயசம் பரிமாறுகிற சாட்டில் ஆட்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். குளிருக்கு ஜக்கெற் போட்டபடியே பாதிச் சனம் சாப்பிடுகிறது, பாதிக்கு மேல் கறுப்பு. உபயகாரர் தானே பரிமாறுகிறார் என்று ஒரு அன்ரி மெச்சினார். கீழ் வாசலால் ஒவ்வொருவராகப் போக, மண்டபம் வெறுமையாகிவிட்டது.

வீட்டுக்கு வந்துதான் பாலேஸ்வரியிடம் சொன்னேன். நான் ஜக்கெற்றைக் கழற்றாமலே நிற்பதை அவள் கண்டுவிட்டாள், இனி மறைக்க முடியாது. அவள் கையை நீட்டினாள். அந்த ஜக்கெற்றை வாங்கி மேசையில் எல்லாவற்றையும் கொட்டினாள். உள் பொக்கற் ஒன்று இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை, என் புத்தி முழுக்க வலப்பக்கத்தில். அதற்குள் மருந்துப் போத்தல், மேலே அருள்நாயகம் என்று பெயர். அவள் பெயரைப் பார்க்கவில்லை. ரொஃபிகளைப் பார்த்தாள்.

"இது பேரப்பிள்ளை இருக்கிற ஆளின்ர ஜக்கெற்," என்றாள். "பிள்ளை போய்ப் பொக்கற்றுக்குள்ள கைவிடப்போகுது."

எனக்கு அதுவரை அது தோன்றவில்லை. கடவுளே, தோன்றவே இல்லை.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அவள் றமேஸுக்கு ஃபோன் எடுத்து அருள்நாயகத்தாரின் நம்பரையும் விலாசத்தையும் வாங்கினாள். பிறம்ரனில் மகள் நிரூபாவோடு இருக்கிறாராம். அந்த நம்பருக்கு அடித்தாள். எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை.

401 நெடுஞ்சாலை முழுக்கப் பனி. லொறிகளுக்கு நடுவில் ஊர்ந்து போனோம். அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நான் பிள்ளையாருக்கு நேர்த்திக்கடன்கூட வைக்கவில்லை. எந்த முகத்தோடு வைப்பது, அவருடைய வாசலில் கொழுவிவிட்டு வந்ததே நான்தானே.

கதவைத் திறந்த நிரூபா என்னைக் கண்டதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது. என் ஜக்கெற் சாப்பாட்டு மேசைக் கதிரையில் போட்டுக் கிடந்தது. அதன் கை நிலத்தில் முட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒரு சின்னப் பெண்பிள்ளை கரடிப் பொம்மையோடு இருந்தது. மூன்று வயது இருக்கும்.

"நான் இப்பதான் கண்டனான், என்ர இல்லையெண்டு," என்றார் அருள்நாயகத்தார். "கீழ குளிருதெண்டு எடுத்துப் போட்டுக்கொண்டு கடைசிப் பந்தியில இருந்தனான். உம்மட ஃபோனோ என்னவோ வலப்பக்கம் பாரமாக்கிடக்கு. மற்ற ஆளின்ர பொக்கற்றுக்குள்ள நான் கைவைக்கேல்லை. இவள்தான் ரொஃபி இல்லையெண்டு ஒரே அழுகை."

பாரிசவாதம் வந்து அவருடைய வலக்கை விளங்காது. ரொஃபி எப்போதும் இடப்பக்கம்தான். பிள்ளையும் அந்தப் பக்கம்தான் கைவிட்டுப் பழகியிருக்கிறது.

அவ்வளவுதான். அவருடைய விளங்காத கை. வேறு ஒன்றும் இல்லை.

கடைசிப் பந்தியில் இருந்தாராம். றமேஸ் மைக்கில் சொல்லியிருந்தால் அங்கேயே கேட்டிருப்பார்.

தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டேன் என்று நிரூபா நின்றாள். ஜக்கெற்றை மடியில் வைத்து ஒரு கையால் அமத்திக்கொண்டு குடித்தேன். பிள்ளை வந்து என் முழங்காலில் சாய்ந்தது. பாலேஸ்வரி ரொஃபி எல்லாவற்றையும் பிள்ளையின் கையில் கொட்டிவிட்டு எழும்பினாள்.

காருக்குள் ஏறி அவள் பெல்ற் போடவில்லை. "உது வீட்டுக்கு வந்தால் நான் வரமாட்டன்," என்றாள். அவளுக்கு முன்னால் அதுவரை நான் அழுததில்லை.

அந்தத் தெருவிலேயே காரை நிறுத்திவைத்து சாம்பவிக்கு ஃபோன் எடுத்தேன், தெரிந்த சட்டத்தரணி யாரும் இருக்கிறார்களா என்று கேட்க.

பெப்ரவரி 5

சட்டத்தரணி முன்னிற்க அதைப் பொலிசிடம் கொடுத்தாயிற்று. வழக்கு ஜூனில். என்னவும் நடக்கலாம் என்கிறார். ஒருவரோடும் இதைப்பற்றிக் கதைக்கவேண்டாம் என்றும் சொன்னார்.

பெப்ரவரி 6

சாம்பவி வந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. போகும்போதுதான் பிடித்தாள்.

பெப்ரவரி 20

கதைத்தேன். சட்டத்தரணிக்குத் தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அருள்நாயகத்தார் கோயிலில் என்னைக் காணும்போதெல்லாம் ஜக்கெற் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் சொல்கிறார். என்னால் தாங்க ஏலாது. ஃபோன் எடுத்து, அன்றைக்கு உங்களுக்குப் பாரமாக இருந்தது ஃபோன் இல்லை, இன்னது என்று சொன்னேன்.

ஃபோனில் அவருக்குப் பின்னால் பிள்ளை ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

"இடப்பக்கப் பொக்கற்றுக்குள்ள ஒண்டும் இருக்கேல்லையே?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. வலப்பக்கம் மட்டும்தான்."

ஃபோனை வைத்துவிட்டார்.

மார்ச் 9

இரட்டைக் கதவு போட்டாயிற்று. ஆளைப் பார்த்து மணி அடித்துத்தான் உள்ளே விடுகிறோம். சனம் ஒன்றும் நினைக்கவில்லை. வெளியே நின்று கையசைத்துச் சிரிக்கிறார்கள். நான்தான் மறியல், அது இது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நதீஷாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்து கதவைப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

பயம் போகவில்லை. இன்றும் இருக்கிறது. இருக்கட்டும்.

ஏப்ரல் 6

நான் ஃபோனில் சொன்ன அன்றைக்குப் பிறகு அவர்கள் கோயிலுக்கு வந்தது இன்றைக்குத்தான். இன்னும் குளிர். அருள்நாயகத்தாரின் ஜக்கெற்றில் சிவப்புத் துணி ஒன்று கட்டியிருந்தது, மாறாமல் இருக்க. என்னைக் கண்டு தலையை மட்டும் ஆட்டினார். நிரூபா ஆட்டவில்லை.

பிள்ளைக்கு என்ன தெரியும்? ரொஃபி கொண்டுவந்த ஆள் என்று ஓடி வந்து என் ஜக்கெற்றைப் பிடித்தது. வலப்பக்கம். கை பொக்கற்றுக்குள் போக முதலே நிரூபா வந்துவிட்டாள். சத்தம் போடவில்லை. "வாங்கோ அம்மா," என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஜக்கெற்றெல்லாம் கொழுவியிருக்கிற அந்த இடத்தில், அவ்வளவு சனத்துக்கும் நடுவில், நான் இரண்டு பொக்கற்றையும் வெளியே இழுத்துக் காட்டினேன்.

நிரூபா பார்த்தாள். பிள்ளையின் கையை அவள் விடவில்லை.