கட் சொன்ன பிறகு

அன்புள்ள டைரக்டர் அவர்களுக்கு,

உங்கள் படத்தின் எடிட்டரும் உங்கள் மனைவியுமானவள் எழுதுவது. நானும் மகளும் நலம். நீங்கள் நலமா என்பதை, அங்கிருந்து திரும்பி வந்த கேமராமேனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

படப்பிடிப்பு முடிந்து யூனிட் முழுக்கத் திரும்பிவிட்டது. நீங்கள் மட்டும் படப்பிடிப்பு நடந்த மலை வீட்டிலேயே தங்கிவிட்டீர்கள். போனையும் அணைத்துவிட்டீர்கள். தத்துவஞானியைப் படமெடுக்கப் போனவர் தத்துவஞானியாகவே ஆகிவிட்டாரா என்று தயாரிப்பாளர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா படம் எடுக்கப் போனாரா, நடிக்கப் போனாரா என்று மகள் கேட்கிறாள். என்னத்தைச் சொல்ல?

வேலை விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் தத்துவஞானி வீட்டைவிட்டுப் போகும் காட்சியில் கை வைத்தாலே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காத்திருப்பவரும் அடிமை, காக்க வைப்பவரும் அடிமை என்று அவர் எழுதியது பின்னணிக் குரலில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவர் மனைவி அமைதியாக வழியனுப்ப வேண்டும், அந்த முகத்தோடு காட்சி முடிய வேண்டும் என்று கேமராமேனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். எல்லா டேக்கையும் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்தப் பெண் அமைதியாகத்தான் நிற்கிறாள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து எடுத்த ஒரு டேக்கில், நீங்கள் 'கட்' சொன்ன பிறகும் கேமரா ஓடியிருக்கிறது. அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறாள். கை அதிலேயே இருக்கிறது. பிறகு மெதுவாகத் தாழ்ப்பாளை எடுத்துவிடுகிறாள்.

நடிகைக்குப் போன் செய்து கேட்டேன். "கட் சொன்னது காதுலயே விழலக்கா. அவர் போயிட்டாரு. அப்புறம் நான் என்ன பண்ணணும்னு ஸ்கிரிப்ட்ல இல்லையே" என்றாள். ஸ்கிரிப்ட் எழுதியவர் நீங்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அந்தத் துண்டைச் சேர்த்துவிட்டேன். 'கட்' சொல்லும் உங்கள் குரலை மட்டும் எடுத்துவிட்டேன். தத்துவத்தையே கெடுத்துவிட்டாய் என்று குதிப்பீர்கள். தாராளமாகக் குதியுங்கள். ஆனால் இங்கே வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குதியுங்கள். நேரில் வந்து சொல்லாமல் அதில் ஒரு ஃபிரேமைக்கூட வெட்ட மாட்டேன்.

அங்கே குளிர் அதிகமாமே. ஸ்வெட்டரை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்நேரம் வந்தாலும் கதவைத் தட்ட வேண்டாம், தள்ளினாலே திறக்கும். எத்தனை நாளைக்கு இப்படி என்று என்னால் சொல்ல முடியாது. சீக்கிரம் வந்துவிடுங்கள்.

இன்றுவரை தாழ்ப்பாள் போடாத,
உங்கள் மனைவி