கழனித் தண்ணி என்று பெயர் வாங்கிய வள்ளிக்கு

என் கண்ணே வள்ளி,

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மா ஞானாபரணம். என் தம்பி, உன் புருஷன் சாமுவேல். பல்லாவரத்திலிருந்து ரயிலேறி வந்த மெர்சி ஆன்ட்டி. அடுத்த ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ரயில் கார்டு ஆபிரகாம் சார், அவர் சம்சாரம் கிரேஸ் டீச்சர். கம்பவுண்டர் ஜெயராஜ். அப்புறம் நீ, நான். என் பெண்கள் இரண்டு பேரும் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள், அவர்களைச் சேர்க்கவில்லை. மொத்தம் எட்டுப் பேர். இருபத்தாறு வருஷம் ஆகிறது. யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டாலும் சொல்வேன்.

சபைப் பத்திரிகையில் இறந்தவர்களை வருஷாவருஷம் கிறிஸ்மஸுக்கு நினைவுகூரும் பக்கத்துக்கு, உன்னைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதிக் கொடுக்கச் சொன்னார் போதகர் ஐயா. நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். பேத்திதான் பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்துகிறாள். நாலு வரியில் அடங்காது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உனக்கு அவமானம் எட்டுப் பேர் முன்னால் நடந்தது. அதைத் துடைப்பதை மட்டும் நான் தனியாக உட்கார்ந்து செய்ய முடியுமா?

நாலு வருஷம் முன்னால் உன்னை எடுத்துக்கொண்டு போனபோது, தெருமுனையில் ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டாள். "யாரு, அந்தக் கழனித்தண்ணி அம்மாவா போயிட்டாங்க?" பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த என் காதில் விழுந்தது. அன்றையிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை வள்ளி. வயசு என்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு எங்கள் கிறிஸ்மஸ் பீர் தெரிந்திருக்காது. கடையில் விற்கிற பீர் இல்லை. மதுவிலக்கு இருந்த காலம் அது. இஞ்சியைத் தட்டி, சர்க்கரையும் எலுமிச்சையும் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறினதும் ரொட்டிக்கடை ஈஸ்ட் கொஞ்சம் கலந்து, ஜாடி வாய்க்குத் துணியால் வேடு கட்டி வைப்போம். பொங்கி அடங்கினதும் வடிகட்டிப் பாட்டிலில் அடைத்து, கார்க்கை நூலால் இறுக்கிக் கட்டுவோம். தாம்பரம் குவார்ட்டர்ஸில் எங்களுக்கெல்லாம் இதைக் கற்றுக்கொடுத்தது மெர்சி ஆன்ட்டி. கிறிஸ்மஸ் அன்று காய்ச்சியவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து, பாட்டிலை மாற்றிக்கொள்வோம். மறுநாள் எங்கள் வீட்டில் எல்லாரும் கூடி ருசி பார்ப்போம். யாருக்கு எந்தப் பாட்டில் விழுந்ததோ அவர் முதல் வாய் குடித்து அதற்கு ஒரு பெயர் வைக்கவேண்டும். அந்தப் பெயர் அந்த வருஷம் முழுக்கக் காய்ச்சியவர் மேலேயே ஒட்டிக்கொள்ளும். விளையாட்டுதான்.

நீ கோவளத்து மீன்காரர் வீட்டுப் பெண். சாமுவேல் உன்னைக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கவைத்து ரூத் என்று பெயரும் வைத்தாள். ஆனால் உன் கையால் ஒரு பருக்கை தின்னவில்லை. நீ குழம்பு வைத்த நாளில் அவளுக்கு வயிறு சரியிருக்காது. பீர் விஷயத்தில் மட்டும் அவளாகவே இறங்கி வந்தாள். "அது கைபடாத பண்டம். குடிக்கலாம்" என்றாள். அதோடு நிற்கவில்லை. கிரேஸ் டீச்சர் இருக்கும்போதே, "ரூத் பீரு நல்லா வந்துட்டா, புது வருஷச் சமையல் அவளே பண்ணட்டும். நான் உக்காந்து சாப்பிடறேன்" என்றாள்.

அதைக் கேட்டு உன் முகம் எப்படி ஆனது என்று எனக்குத்தான் தெரியும். மூன்று வாரம் அந்த ஜாடிக்குப் பக்கத்திலேயே கிடந்தாய். காதை வைத்துக் கேட்பாய். "அக்கா, உள்ள பேசிக்கினு கீது பாரு" என்று என்னையும் இழுத்துக் கேட்கவைப்பாய். எனக்கு ஒன்றும் கேட்காது. கேட்கிறது என்று சொல்வேன்.

இனி எழுதப்போவதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலை. நீ தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாய். பாத்ரூமுக்குப் பின்னால் சாமுவேல் குந்தியிருந்தான். கையில் உன் பாட்டில், பக்கத்தில் ஒரு சொம்பு.

"அக்கா, பாதிதான் குடிச்சேன். சர்க்கரைத் தண்ணி ஊத்திட்டேன். ஒண்ணும் தெரியாது. சொல்லிடாத."

"எருமை, அது வள்ளியோட பாட்டில்டா."

"அம்மா பாட்டில் டிரங்குப் பொட்டில இருக்கு. பூட்டி வெச்சிருக்காங்க."

அவன் கார்க்கைச் செருகிவிட்டான், நூல் முடிச்சு நிற்கவில்லை. நான் வாங்கிக் கட்டிக்கொடுத்தேன். ஆம் வள்ளி, நான்தான் கட்டினேன். இரண்டு பெண் குழந்தைகளோடு தம்பி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த விதவை நான். அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு எந்த வாசலில் போய் நிற்பேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது அன்றைக்குச் சரியாகவே இருந்தது.

மறுநாள் சீட்டு எடுத்தபோது அம்மாவுக்கு உன் பாட்டில் விழுந்தது. அதற்கு மறுநாள் ருசி பார்க்க உட்கார்ந்தோம். முதலில் கம்பவுண்டர், மெர்சி ஆன்ட்டியின் பாட்டிலைத் திறந்தார். வாற்கோதுமையை வறுத்துப் போட்டிருந்தாள் போலிருக்கிறது, கன்னங்கரேலென்று வந்தது. கார்க் மேலே போய் உத்திரத்தில் அடித்தது. "கறுப்பு என்ஜின்!" என்றார். ஆபிரகாம் சார் உடனே வாயால் விசில் ஊதினார். கம்பவுண்டர் அன்னாசித் தோலில் காய்ச்சியதை மெர்சி ஆன்ட்டி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்னா மேன் இது, மொதல்ல இனிக்குது, பின்னாடி ஒதைக்குது. மாப்பிள்ளே பீர்!" அம்மாவுடையதைக் குடித்த கிரேஸ் டீச்சர் பயந்துகொண்டே, "ஞாயித்துக்கிழமைப் பிரசங்கம். முடியறப்போ நல்லா இருக்கு" என்றார். அம்மாவே சிரித்துவிட்டாள். கிரேஸ் டீச்சரின் கிராம்பு போட்ட பீர் உனக்கு. நீ கண்ணை மூடிக் குடித்து, மூக்கு வழியாக மூச்சு விட்டு, "வாடைக் காத்து" என்றாய். எல்லாரும் கை தட்டினோம். அன்றைக்கு வைத்த பெயர்களிலேயே அதுதான் நல்ல பெயர்.

கடைசியாக அம்மா உன் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நூலை அவிழ்த்தாள். என் முடிச்சு. சத்தம் வருமென்று எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டோம். ஒரு சத்தமும் வரவில்லை. டம்ளரில் ஊற்றினாள், நுரை இல்லை. வெளுத்துப்போய் இருந்தது. நீ டம்ளரைப் பார்த்தாய். பிறகு சாமுவேலைப் பார்த்தாய். அவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான். அந்த நிமிஷமே உனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா ஒரு வாய் குடித்தாள். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். விழுங்கிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கழனித் தண்ணி."

மாட்டுத் தொட்டியில் கொட்டுகிற அரிசி கழுவின தண்ணீர். கம்பவுண்டர் சிரித்தார். ஆபிரகாம் சாரும் சிரித்தார். மெர்சி ஆன்ட்டி மட்டும், "ஃபர்ஸ்ட் டைம்தானே, அப்படித்தான் வரும் சைல்டு" என்று உன் முதுகைத் தடவினாள். அம்மா விடவில்லை. "மீன் கழுவற கைதானே. வேற எப்படி வரும்?" என்றாள்.

அடுக்களையில் டம்ளர் கழுவும்போது உன்னிடம் வந்து நின்றேன். "நான் போய்ச் சொல்லிடட்டா?" என்றேன். நீ தலையைத் தூக்கவே இல்லை. "வுடுக்கா. இத்தினி பேரு முன்னால அந்த மனுசன் மானம் போவணுமா? எனுக்கு இன்னா, ஏற்கெனவே மீன்காரி. இன்னொரு பேரு சேந்துச்சுன்னு வெச்சுக்க." அப்படிச் சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாய். வரவில்லை. நீ வேண்டாமென்று சொன்னதும் எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்ததே, அது உனக்குத் தெரிந்ததா?

புது வருஷச் சமையலை அம்மாவே செய்தாள். அதற்குப் பிறகு நீ ஜாடியைத் தொடவே இல்லை. ஒரு வருஷம் இருக்கவேண்டிய பெயர் உன்னிடம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. குழாயடியில், பால்காரியிடம், சர்ச் வாசலில்கூட. ஏழு வருஷம் கழித்து அம்மா படுக்கையில் விழுந்தாள். நீ கஞ்சி வைத்துக் கொடுப்பாய், நான் எடுத்துப் போவேன். "யார் வெச்சது?" என்று கேட்பாள். "நான்தாம்மா" என்பேன். குடிப்பாள். நீ கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, டம்ளர் காலியாகிவிட்டதா என்று பார்ப்பாய்.

சாமுவேலோடு அந்த டிசம்பரிலிருந்து நான் மனசு விட்டுப் பேசவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "இந்தா", "வா", "சாப்பிடு". அவ்வளவுதான். சர்க்கார் சாராயக்கடையைத் திறந்தது, பிறகு மூடியது. அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். நீ போனதும் அவனைக் கேட்க ஆளில்லை. இப்போது சிட்லபாக்கத்தில் என் மூத்தவள் வீட்டில், பின்னறையில் கிடக்கிறான். ஈரல் போய்விட்டதாம். வயிறு பானை மாதிரி, கை குச்சி மாதிரி. துடைக்கிறேன், புரட்டிப் போடுகிறேன், ஊட்டுகிறேன். எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. தினமும் ஒரே கேள்வி கேட்கிறான். "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா." வாயைத் துடைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். கிறிஸ்மஸ் நற்கருணைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள் என்று போதகர் ஐயாவும் நச்சரிக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், கஞ்சி பாதியில் அவன் கையைத் தூக்கி நிறுத்தினான்.

"அம்மாவுக்குத் தெரியும்க்கா."

"எது?"

"அந்தப் பாட்டில். நான் ஸ்கூல்ல படிக்கறப்பவே அம்மா ஜாடில இதே வேலைதான் பண்ணுவேன். குடிச்சிட்டுச் சர்க்கரைத் தண்ணி. அதனாலதானே அவங்க பாட்டில டிரங்குல வெச்சுப் பூட்டுவாங்க. அன்னைக்கு ஒரு வாய் வெச்சதுமே என்னப் பாத்தாங்க. சாயங்காலம் கூப்பிட்டுக் காதத் திருகுனாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா'ன்னாங்க. 'அப்ப வள்ளிய ஏம்மா அப்படிப் பேசினே'ன்னு கேட்டேன். 'எம் புள்ளய நாலு பேர் முன்னால விட்டுக்குடுப்பனா? அவளுக்கு ஒரு பேரு வந்தா என்ன கெட்டுப்போச்சு'ன்னாங்க."

டிரங்குப் பெட்டியின் சாவி அம்மாவின் இடுப்பில்தான் இருக்கும். எறும்புக்குப் பயந்து பூட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டே நான் கிழவியாகிவிட்டேன். அந்த ஒரு வாயை அவ்வளவு நேரம் விழுங்காமல் வைத்திருந்தாளே, அப்போது அவள் என்ன யோசித்துக்கொண்டிருந்தாள் வள்ளி? உன்னையும் ஒருமுறை பார்த்திருப்பாளா?

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அசதி. "சாமுவேலு" என்று கூப்பிட்டேன். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு. அவன் குழந்தை மாதிரி விழித்தான். "மன்னிச்சிட்டேன். மிச்சத்தக் குடி" என்றேன். அழுதுகொண்டே குடித்தான். அவன் குடித்தான், பயந்தான். பயந்ததில் எனக்கும் பங்கு உண்டு. என் பங்கை மன்னிப்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். நான் வற்புறுத்த மாட்டேன்.

மெர்சி ஆன்ட்டி ஆஸ்திரேலியா போய்விட்டாள். ஆபிரகாம் சார் இல்லை. கிரேஸ் டீச்சரும் கம்பவுண்டரும் இருக்கிறார்கள். இந்தப் பத்திரிகை அச்சாகி வந்ததும் இரண்டு பேர் வீட்டுக்கும் நானே போவேன். என் கையால் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து, கடைசி வரி வரைக்கும் வாசிக்கவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. அதற்குள் இடுப்பு போனாலும் ரிக்‌ஷாவில் போவேன்.

பெற்றவளைப் பற்றிப் பத்திரிகையில் இப்படி எழுதலாமா பாட்டி என்று பேத்தி கேட்கிறாள். போதகர் ஐயா வெட்டிவிடுவார் என்கிறாள். வெட்டினால் திருப்பிக் கொடுக்கட்டும், நான் கையால் எழுதி எடுத்துப் போகிறேன். எல்லாரையும் மன்னித்துவிட்டுத்தான் இந்த வருஷம் நற்கருணை எடுக்கவேண்டுமென்றால், நான் எடுக்கவில்லை. ஒருத்தி பாக்கி இருக்கிறாள். தெரிந்தே உனக்கு அந்தப் பெயரை வைத்தவள், சாகும்வரை உன் கஞ்சியை என் கஞ்சி என்றால்தான் குடித்தவள். என்னைப் பெற்ற ஞானாபரணம்.

உன் நாத்தனார்,
எஸ்தர்