பார்சலில் வந்த கக்கல் சட்டைகள்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அத்தையும் சுகம், கடையில் பெரிய சலவை இயந்திரத்துக்குத்தான் உடம்பு சரியில்லை, அதுவும் தேறிவிடும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அங்கே நீயும் மருமகளும் குட்டியும் சுகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், உன் பார்சல் வந்து சேரும் வரை. மகன் ஏதோ ஆசையாக வாங்கி அனுப்பியிருக்கிறான் என்று உன் அப்பா வாடிக்கையாளர்கள் முன்னால் வைத்தே பெருமையாகப் பிரித்தார். அடித்தது பார் ஒரு புளித்த பால் நாற்றம், வரிசையில் நின்றவர்கள் வாசலுக்கே போய்விட்டார்கள். உள்ளே உன் சட்டைகள், ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்திய சீட்டு, அதில் ‘கக்கலா வாந்தியா, பார்த்துச் சொல்லவும்’ என்று உன் கையெழுத்து, கூடவே ஒரு நீளக் கடிதம். ஏனடா, சலவைக்கடைக்காரி மகன் என்றால் இப்படியா? இது மை, இது துரு, இது எண்ணெய் என்று நான் பார்த்த மாத்திரத்தில் சொல்வேன்தான், அதற்காகப் பச்சைப் பிள்ளையின் வயிற்றையும் சட்டையைப் பார்த்துச் சொல்ல முடியுமா? போனில் படம் அனுப்பினால் நிறம் சரியாகத் தெரியாது என்று வேறு எழுதியிருக்கிறாய், அந்த அளவுக்குத் தொழில் தெரிந்த பிள்ளைதான், இல்லையென்று சொல்லவில்லை.

இருந்தாலும் வந்ததைச் சும்மா விட மனசு வருமா, எல்லாவற்றையும் கொடியில் மாட்டினோம். அப்பா கிழிசல் தைக்கும்போது வைத்துக்கொள்ளும் பூதக்கண்ணாடியோடு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, எம் பேத்தி வாந்தியெல்லாம் எடுக்க மாட்டா, அத்தனையும் கக்கல்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அத்தை விடுவாளா, அண்ணனுக்குக் கண்ணு போச்சு, இது அத்தனையும் வாந்தி அண்ணி, நீங்களே மோந்து பாருங்க என்று என்னை இழுத்தாள். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை, இஸ்திரிப் பெட்டி வேண்டுமென்றால்கூட நான்தான் நடுவில் நின்று கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் வக்கீலின் கோட்டும் தெரியாமல் அந்தக் கொடிக்கே போய்விட்டது. அவர் வாங்க வந்தபோது அத்தை அவரை உட்காரவைத்து, குடிச்ச உடனே வந்துச்சா, கொஞ்ச நேரம் கழிச்சு வந்துச்சா என்று விசாரித்திருக்கிறாள். அது சுவரில் சாய்ந்ததால் ஒட்டிய சுண்ணாம்பும்மா என்று அந்த மனிதர் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க என்று இவள் அவருக்கு ஏப்பம் வரட்டும் என்று முதுகில் தட்டப் போய்விட்டாள்.

நல்லவேளையாகக் குழந்தைகள் ஆஸ்பத்திரி நர்ஸ் தன் சீருடை வாங்க வந்தாள். கொடியைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டவள் நிற்க முடியாமல் அழுக்கு மூட்டை மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். காய்ஞ்ச கறையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாதும்மா, சட்டையைப் பார்க்காம பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்க என்றாள். பால் குடித்த பிறகு ஏப்பத்தோடு கொஞ்சமாகக் கடைவாயில் வழிந்து, பிள்ளை அதைப் பற்றிக் கவலையே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தால் அது கக்கல், எடை ஏறி, வழக்கம்போல் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தால் பயமில்லையாம். வயிறு இறுகி, முக்கி, வேகத்தோடு நிறைய வந்து பிள்ளை துவண்டு அழுதால் அது வாந்தி. பீய்ச்சி அடித்தாலோ, பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வந்தாலோ, வயிறு உப்பினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, ஒன்றுக்குப் போவது குறைந்தாலோ உடனே டாக்டரிடம் ஓடு, அப்போது எனக்குப் பார்சல் கட்டிக்கொண்டு உட்காராதே. பால் கொடுக்கும்போது தலை கொஞ்சம் உயரமாக இருக்கட்டும், நடுநடுவே ஏப்பம் விடவை, குடித்து முடித்ததும் கொஞ்ச நேரம் நிமிர்த்தித் தோளில் வைத்துக்கொள், உடனே தூக்கிப் போட்டு விளையாடாதே, தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். அங்குள்ள டாக்டரும் எடை நன்றாக ஏறுகிறது என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய், பிறகென்ன, குட்டி நன்றாகத்தான் இருக்கிறாள்.

அந்த நீலச் சட்டையைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அது கடைசியில் தொங்கியது. அத்தை பக்கத்தில் போய் மோந்துவிட்டு, ஐயையோ அண்ணி, நாலு மாசப் பிள்ளைக்குக் காப்பி குடுக்கிறான் உங்க பையன் என்று கூச்சல் போட்டாள். கறையில் காப்பி நிறம், பிஸ்கட் துகள். அப்பாவும் அதுவரை இருந்த கோபத்தை மறந்து தங்கச்சியோடு சேர்ந்துகொண்டு, அவனை விடமாட்டேன் என்று போனை எடுத்துவிட்டார். நர்ஸ்தான் அவர் கையைப் பிடித்து, இது வாந்திதான் ஐயா, ஆனா பிள்ளையோடது இல்ல, இது பெரியவங்க எடுத்தது என்றாள். அப்பா போனைக் கீழே வைத்துவிட்டார். உன் சட்டையில் நீ எடுத்த வாந்தியையும் குட்டியுடையது என்று நினைத்துச் சீட்டுக் குத்தி அனுப்பியிருக்கிறாயே சின்னவனே, எது உன்னுடையது என்றுகூடத் தெரியாத அளவுக்கா தூக்கம் போய்விட்டது? மருமகள் வேலைக்குப் போனபின் நாள் முழுக்க நீ தனியாகத்தானே இருக்கிறாய். குட்டி எப்போது குடித்தாள், எவ்வளவு குடித்தாள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய், நீ சாப்பிட்டதாக ஒரு வரி இல்லை, தேடித் தேடிப் பார்த்தேன். வெறும் வயிற்றில் காப்பியும் பிஸ்கட்டும் போட்டுக்கொண்டு, பயத்தையும் வைத்துக்கொண்டால் எந்த வயிறு தாங்கும்? இதை மருமகளிடம் நீ சொல்லியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும், இன்றைக்கே சொல். நாளைக்கு நீ டாக்டரிடம் போ, குட்டியைக் காட்ட அல்ல, உன்னைக் காட்ட.

மற்றச் சட்டைகளை இயந்திரத்தில் போட்டேன், நீலத்தை மட்டும் கையால் துவைத்தேன். அழுதேன், மறைக்கவில்லை. குட்டிக்கு ஏதாவது என்றால் முதுகைத் தடவ நீ இருக்கிறாய், நீ வாந்தி எடுத்தபோது பக்கத்தில் யாருமே இல்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடையை அத்தை பார்த்துக்கொள்கிறாளாம், நானும் அப்பாவும் கிளம்பி வருகிறோம், வேண்டாம் என்று போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், குட்டிக்கு ஆயிரம் முத்தம். மறக்காதே, சாப்பிட்டாயா என்று கேட்டால் ம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன், என்ன சாப்பிட்டாய் என்று சொல்ல வேண்டும்.

குட்டிக்கு நீ எப்படியோ, உனக்கு அப்படியே இருக்கும்,
அம்மா