உன்னுடையது லேசான சர்க்கரை என்றார்கள்

இன்று காலை இன்சுலின் குப்பி கைதவறிச் சமையலறைத் தரையில் விழுந்து உடைந்தது. துடைக்கத் துடைக்க அந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது. பினாயிலும் புதுப் பிளாஸ்திரியும் கலந்த வாசனை. மருந்து வீணான எரிச்சலில் கணவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். உடைத்தது நான்தான், ஆனாலும் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே. பாதித் திட்டில் உன் நினைவு வந்துவிட்டது. அவரை விட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

இதே வாசனையை வைத்துத்தானே நீ என்னிடம் முதலில் வம்புக்கு வந்தாய். தொண்ணூறுகளின் நடுவில், திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில். கல்பாக்கம் அணுமின் நிலைய டவுன்ஷிப்பிலிருந்து நானும் அம்மாவும் வந்து அங்கே செங்கல்பட்டு பஸ்ஸுக்கு மாறுவோம். மாமல்லபுரத்திலிருந்து நீயும் உன் அம்மாவும் வந்த பஸ்ஸில் ஏறினோம். இரண்டு பேருக்கும் பதினான்கு வயது. பக்கத்தில் உட்கார்ந்ததும் என் பையை மோந்து பார்த்துவிட்டு, "இன்னாடி, உன் மேல பினாயில் வாசன வருது, ஆஸ்பத்திரி கழுவிட்டு வரியா?" என்றாய். எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். முன்பின் தெரியாத பெண்ணை 'டி' போட்டுக் கூப்பிட்டால் அது சண்டைக்கு அழைப்பு. அம்மாவின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நான் விறைப்பாக, எனக்குச் சர்க்கரை வியாதி, ஒன்பது வயதிலிருந்து தினமும் ஊசி, அந்த மருந்தின் வாசனை இது என்று சொன்னேன். அதற்கு நீ சொன்னதை முதல் வகுப்பில் தேறிய செய்தியைச் சொல்வது போலச் சொன்னாய்.

"சக்கரையா? எனக்கும் கீது. ஆனா ஊசி இல்ல, மாத்திரதான். லேசான சக்கர."

அன்றிலிருந்து நான் உனக்கு 'ஊசி', நீ எனக்கு 'மாத்திரை'. ஊரறிய அப்படியே கூப்பிட்டுக்கொண்டோம்.

செங்கல்பட்டில் ரயில் நிலையத்துக்குப் பின்னால், நாம் இருவரும் போன அந்தத் தர்ம கிளினிக்கில் ஒரு வழக்கம் இருந்தது. ஊசி போடும் பிள்ளைகள் முன் அறைக்கு. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பின்னாலிருந்த கூடத்துக்கு. மாத்திரை என்றாலே பெரியவர்கள் என்று போட்ட வழக்கம் அது. நீ ஒருத்திதான் பாவாடை தாவணியில் போய் ஓய்வூதியக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாய். அங்கே உனக்குக் கிடைத்தது மாத்திரையும், இனிப்பைக் குறை, எடையைக் குறை என்ற அறிவுரையும். சீக்கிரம் வெளியே வந்துவிடுவாய்.

முன் அறையில் எங்களை லேசில் விடமாட்டார்கள். பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். மூத்திரத்தில் புரதம் ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரிந்ததும் உள்ளே விளக்கடித்துப் பார்ப்பார்கள். அன்று முழுக்க வெளிச்சம் கூசும். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பெஞ்சில் கிடப்பேன். நீ ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று வடை தின்றபடி சிரிப்பாய். உனக்கு இருப்பது எனக்கு இருக்கக்கூடாதா என்று அம்மாவிடமே கேட்டு அழுதிருக்கிறேன்.

உன் அம்மா என் அம்மாவுக்கு ஆறுதல் சொல்வார். அவருக்கும் சர்க்கரை, நாற்பத்தைந்துக்கு மேல் வந்தது. அவர் அக்காவுக்கும் உண்டு. எல்லோரும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம், பெண்ணுக்கும் அதேதான் என்பார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

உன் கழுத்தைச் சொல்லாமல் விட முடியாது. பின்கழுத்து மடிப்பில் கருமை படிந்திருக்கும். அழுக்கு என்று முடிவு கட்டி, ஞாயிற்றுக்கிழமைதோறும் பயத்தம் மாவும் எலுமிச்சைத் தோலும் போட்டு உன் அம்மா தேய்ப்பார். ஒருமுறை எனக்குத் துணையாக நீ முன் அறைக்குள் வந்தபோது, அங்கிருந்த டாக்டரம்மா உன் தலையைக் குனியச் சொல்லிப் பார்த்துவிட்டு அது அழுக்கே இல்லை என்றார். உன் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, உடம்பு அதன் சொல்லைக் கேட்பதில்லை, அதற்கான அடையாளம் அந்தக் கருமை. என் விஷயம் வேறு. என் உடம்பு தன் கணையத்தைத் தானே அழித்துவிட்டது, எனக்குச் சொந்த இன்சுலின் கிடையாது. பக்கத்தில் அச்சரப்பாக்கத்துப் பையன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கணையத்தில் கல், அதனால் வந்த சர்க்கரை. பெயர் ஒன்றுதான், நோய் வேறு வேறு என்றார் டாக்டரம்மா. நீ தலையாட்டிவிட்டு வெளியே வந்தாய். அடுத்த ஞாயிறும் உன் கழுத்தைத் தேய்த்தார்கள். தோல் உரிந்ததை நீ காட்டிய பிறகுதான் நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

நமக்குப் பதினெட்டு ஆனபோது டாக்டரம்மாவே கூடத்திலிருந்து உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மாத்திரைக்குச் சர்க்கரை அடங்கவில்லை. மூத்திரத்தில் புரதம் தெரிந்தது. இன்சுலினும் சேர்த்துப் போட வேண்டும், கண்ணையும் உடனே பார்க்க வேண்டும் என்றார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை நாலாக மடித்துத் தாவணி நுனியில் முடிந்துகொண்டு நீ பஸ்ஸுக்கு நடந்தாய்.

அடுத்த வாரம் மாமல்லபுரத்தில் உன் அப்பா நடத்திய மெஸ்ஸில் நானும் அம்மாவும் நீயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பின்பக்கச் சிற்பப் பட்டறையில் உளிச் சத்தம் ஓயாமல் கேட்டது. மீன் குழம்பை ஊற்றிவிட்டு உன் அப்பா என் அம்மாவிடம் சொன்னார்:

"ஊசின்னு தெரிஞ்சா எவன் வந்து கட்டுவான், சொல்லுங்க. மாத்திரன்னா வெளியே தெரியாது. கல்யாணம் முடியட்டும், அப்பால பாத்துக்கலாம்."

தினம் ஊசி போடும் பெண் எதிரிலேயே இலை போட்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று அவருக்குத் தோன்றவில்லை. அம்மா குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாய். வெளியே வந்ததும் உன்னைப் பிடித்து உலுக்கினேன். எனக்குப் படிப்பு இருக்கிறது, டவுன்ஷிப் வீடு இருக்கிறது, உனக்குக் கல்யாணம் ஒன்றுதான் இருக்கிறது என்றாய். உனக்கு வலி இல்லை, மயக்கம் இல்லை. ஒன்றும் செய்யாத நோய்க்கு எதற்கு ஊசி என்று கேட்டாய்.

கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குக் கடற்கரைச் சாலையில் சிலைக்கடை. நீ மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்துப் போனாய். மாமியார் பக்கத்தில் இருந்தால் போடமாட்டாய். அவரோ எப்போதும் உன் பக்கத்திலேயே இருந்தார், அவ்வளவு பிரியம். தலை தீபாவளிக்கு மூன்று வேளையும் இனிப்பு ஊட்டினார்கள். அதை எனக்கு ஃபோனில் சொல்லிச் சிரித்தாய். நான் கத்தினேன். "போடி ஊசி" என்று வைத்துவிட்டாய்.

நீ வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோதுதான் கண்ணில் கருப்பு நூல் மிதப்பதாகச் சொன்னாய். இரண்டு கண்ணிலும் ரத்தக் கசிவு இருந்தது. கண் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் உன் வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரிந்தது. கூச்சல் போடுவார் என்று உன் அப்பா தூணோடு தூணாக ஒதுங்கி நின்றார். மாப்பிள்ளை கூச்சல் போடவில்லை. உன் அப்பாவின் பக்கத்தில் போய் நின்று, "சொல்லிருந்தா நானே இட்டுகினு வந்திருப்பேனே மாமா," என்றார். உன் அப்பாவுக்கு அதைவிட ஒரு அடி கொடுத்திருக்கலாம்.

எல்லாம் தெரிந்த பிறகும் ஊசிக்கு மட்டும் நீ ஒத்துக்கொள்ளவில்லை. பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. உன் சிறுநீரகங்கள் அதன்பிறகு தேறவில்லை.

ரத்தச் சுத்திகரிப்புக்கு நீ போக ஆரம்பித்த நாட்களில் டாக்டரம்மாவைப் பார்த்துச் சண்டை போடத்தான் போனேன். ஒன்பது வயதிலிருந்து ஊசி போடும் எனக்குக் கண் நன்றாக இருக்கிறது, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. லேசான சர்க்கரைக்காரி ஏன் இப்படி ஆனாள் என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மாத்திரை மேல் குற்றமில்லை என்றார். உன் அம்மாவுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் வந்த அதே நோய் உனக்குப் பதினான்கில் வந்தது. வயதானவர்களுக்கு வந்தால் மெல்ல நடக்கும் நோய், பிள்ளைகளுக்கு வந்தால் ஓடுகிறது. சிலருக்குக் கண்டுபிடிக்கும் அன்றே சிறுநீரகத்தில் சேதம் தொடங்கியிருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்த வகை வருவதே அப்போது எங்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று என்றார். கடைசியில், "உன்னோடது ஆரம்பத்திலேயே உன்னை மயக்கம் போட வச்சுது, எல்லாரும் ஓடி வந்தோம். அவளோடது சத்தமே போடலம்மா," என்றார். சண்டை போடப் போனவள் அவர் மேசைமேல் தலையை வைத்து அழுதேன்.

அந்த வாரம் உனக்கு முதல் இன்சுலின் ஊசியை நான்தான் போட்டேன், உன் வீட்டுக் கட்டிலில். பார்வை மங்கியிருந்ததால் நீ என் கையைத் தடவிப் பார்த்து, போட்டாயிற்றா என்று கேட்டாய். ஆயிற்று என்றேன்.

"இவ்ளோதானா? இதுக்காடி எங்க நைனா பயந்துச்சு?"

சொல்லிவிட்டு நீ சிரித்தாய். என்னால் சிரிக்க முடியவில்லை. மறு வருஷம் நீ போனாய். முப்பதுகூட ஆகவில்லை.

போனவர்கள் மேல் கோபப்படக்கூடாது என்கிறார்கள். எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. உன் அப்பா மேல் இருக்கிறது. 'லேசான' என்ற சொல்லின் மேலும் இருக்கிறது. எவன் கட்டுவான் என்றாரே, என் கல்யாணத்துக்கு நீதானே சாட்சி. காலையில் திட்டு வாங்கிய இந்த மனிதருக்கு என் பெயர் தெரியும் முன்பே என் ஊசி தெரியும். உனக்கும் அப்படி ஒருவர்தான் வாய்த்திருந்தார், அது தெரியாமலே அவரிடம் ஒளித்துவைத்தோம். உன் மகளை அவர் வருஷம் தவறாமல் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டி வருகிறார். இதுவரை ஒன்றுமில்லை.

கிளினிக்கில் இப்போது கூடம், முன் அறை என்ற பிரிவு பிள்ளைகளுக்கு இல்லை. ஊசியோ மாத்திரையோ, எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில்தான். சனிக்கிழமைகளில் நான் போய்ப் பிள்ளைகளின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன், வருகிறவர்களிடம் பேசுகிறேன். இப்போது உன் போன்ற பிள்ளைகள் அதிகம் வருகிறார்கள். அம்மாக்கள் நிம்மதியாகச் சொல்வார்கள், நல்லவேளை, எங்க புள்ளைக்கு மாத்திரைதாங்க, கண்ணெல்லாம் பாக்கறது எதுக்குங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று. அப்போது எனக்கு ஒரு தோழி இருந்தாள் என்று ஆரம்பிப்பேன். உன் பெயரைச் சொல்வதில்லை. கண் போனதையும் சிறுநீரகம் போனதையும் நீ போனதையும் சொல்வேன். உச்சுக் கொட்டிக் கேட்டுவிட்டு, பாவம், அவங்களுக்கு ஊசிங்களா என்பார்கள்.

இல்லைங்க, மாத்திரை என்பேன்.

அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, கண் பார்க்கிற வரிசை எது என்று கேட்பார்.