மீடியம் அளவுக்காரன்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று சட்டை, ஒரு கோட்டு. எல்லாம் என் உடம்பில் கச்சிதமாக உட்கார்ந்தன. பதினான்கு வருடமாக எங்கள் கம்பெனியின் மீடியம் சைஸ் எதுவும் என் மேல் ஏறி இறங்காமல் வெளியே போனதில்லை. சாம்பிள் பிரிவில் தைப்பதுதான் என் வேலை. போட்டுக் காட்டுவது உபரி. பெருமையும் அதில்தான். கட்டிங் மாஸ்டர் முதல் துணி மடிப்பவர்கள் வரை யாரும் என் பெயரைச் சொல்வதில்லை. "மீடியம், கொஞ்சம் வாப்பா"தான்.

மதியம் சாப்பிடவில்லை. அளவு பார்க்கும் நாளில் சாப்பிட்டால் மூன்றாவது பொத்தான் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து டீ, ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட், அப்புறம் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தல். தொழில் ரகசியம்.

மார்ச் 8, சனி

காலையில் பல் துலக்குவதற்குள் அக்கா வந்து நின்றாள். முழு உடம்புப் பரிசோதனைக்குத் துணை வேண்டுமாம். ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர். என்னைவிட ஆறு வயது மூத்தவள். "எடையில் முப்பது கிலோ மூத்தவள்" என்பது என் பழைய ஜோக். அவள் டாக்டர் பக்கம் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

"போனாத் திட்டுவாங்கடா. பல்வலின்னு போனாக்கூட எடையக் கொறைன்னுதான் சொல்லுவாங்க" என்றாள். நீச்சல்குளத்துத் தோழிகள் பிடித்துத் தள்ளியதால்தான் கிளம்பியிருக்கிறாள். வழியெல்லாம் கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்துகொண்டே வந்தாள்.

"சும்மாதானே உக்காந்திருக்க, நீயும் ரத்தம் குடுத்துட்டு வா."

கொடுத்தேன். ஸ்கேன் எடுத்தவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். ஒல்லியானவனைக் கண்டால் எல்லோருக்கும் பொறாமைதான்.

மார்ச் 10, திங்கள்

ரிப்போர்ட் மாறிவிட்டது.

வேறென்ன? வெறும் வயிற்றில் சர்க்கரை 118. ரத்தக் கொழுப்பு டிரைகிளிசரைடு 290. கல்லீரலில் கொழுப்பு. எல்லாம் என் பெயருக்கு நேரே! அக்காவின் தாளில் எல்லாம் அளவுக்குள். எச்சரிக்கைக்கு ஒரு நட்சத்திரக் குறிகூட இல்லை. அறுபத்து மூணு கிலோ ஆளுக்குக் கொழுப்பு எங்கேயிருந்து வரும்? வைக்க எடம் வேணாமா?

அக்காவுக்குப் போன் செய்தேன். "உன்னோடத என் பேர்ல போட்டுட்டாங்க. ரொம்ப சந்தோஷப்படாதே."

"சரிடா" என்று வைத்துவிட்டாள்.

மனைவி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அவங்க ஒரு நாளாவது நிம்மதியா இருந்துட்டுப் போகக் கூடாதா?" என்றாள்.

மார்ச் 12, புதன்

மறுபடி ரத்தம் கொடுத்தேன். இந்த முறை குழாயில் என் பெயரை ஒட்டும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

119.

மார்ச் 15, சனி

டாக்டரம்மா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு டேப்பை எடுத்தார். என்னிடமே டேப்பா? பழக்கதோஷம், வயிறு தானாக உள்ளே போய்விட்டது.

"மூச்ச விடுங்க."

விட்டேன்.

"முழுசா விடுங்க."

பதினான்கு வருடத்தில் டேப் பிடித்த யாரும் என்னிடம் இதைச் சொன்னதில்லை. தொப்புளுக்கு நேரே தொண்ணூற்றொன்று. வயிறு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாதாம், எனக்கு ஆறரை சென்டிமீட்டர் கூடுதல். "கை கால்ல சதை கம்மி. கொழுப்பு வெளிய தெரியாம உள்ளுறுப்பச் சுத்தி உக்காந்திருக்கு. எது எலும்பு, எது சதை, எது கொழுப்புன்னு எடை மிஷினுக்குத் தெரியாதுங்க."

"எங்கக்கா என்னவிட முப்பது கிலோ கூட, மேடம்."

"என்ன செய்யறாங்க அவங்க?"

"வாரத்துல அஞ்சு நாள் நீந்தறா. நேரத்துக்குச் சாப்பிடறா."

"எடை கூட இருந்தா பரவால்லன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்களும் வருஷா வருஷம் பாத்துக்கணும். நீங்க என்ன செய்யறீங்க?"

யோசித்தேன். உட்கார்ந்து தைக்கிறேன். எழுந்து போட்டுக் காட்டுகிறேன். மறுபடி உட்காருகிறேன்.

பிறகு அப்பாவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். அப்பாவும் ஈர்க்குச்சிதான். ஐம்பத்து நான்கு வயதில் மாரடைப்பு. "இவ்ளோ ஒல்லியான மனுஷனுக்கு எப்படி?" என்று வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். பதில் இன்றைக்குத்தான் கிடைத்தது போலிருந்தது.

டாக்டரம்மா தண்ணீர் கொடுத்தார். "இன்னும் சர்க்கரை வியாதின்னு ஆகல. வாசல்ல நிக்குது. திருப்பி அனுப்பிடலாம்." மதியம் ஒழுங்கான சாப்பாடு, பிஸ்கட்டுக்குத் தடை, தினமும் நடை, வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்கிச் சதை போட வேண்டும்.

என்னைச் சதை போடச் சொன்ன முதல் ஆள்.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன்.

"ரிப்போர்ட் மாறலக்கா. என்னோடதுதான்."

"தெரியும். நீ போன் பண்றதுக்குள்ள என் தாள பத்துத் தடவ படிச்சுட்டேன். பதினோராவது தடவ படிக்கத்தான் நீ விடல."

எனக்குத் தலை நிமிரவில்லை. மன்னிப்பு கேட்பது இவ்வளவு கஷ்டமா? பாதிப் பட்டாணி தீர்ந்த பிறகுதான் வாயில் வந்தது.

"அந்த முப்பது கிலோ ஜோக்கையும் விட்டுடு."

"விட்டுட்டேன்க்கா."

"மட்டமான ஜோக்குடா அது. சிரிச்சுச் சிரிச்சு எனக்குத்தான் வாய் வலிச்சுது."

பிறகு நிஜமாகவே சிரித்தாள். எழுந்துபோய்க் கை கழுவி வந்து என் தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அப்போது சிரிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

சர்க்கரை போடாத டீ. இரங்கல் கூட்டத்தில் கொடுக்கலாம்.

ஏப்ரல் 2, புதன்

அளவு பார்க்கும் நாள். மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போய் நின்றேன். மூச்சைப் பிடிக்கவில்லை. மூன்றாவது பொத்தான் பல்லைக் காட்டியது.

"என்னப்பா ஆச்சு?" என்றார் மாஸ்டர்.

உள்ளதைச் சொன்னேன். மாஸ்டர் வெட்டுமேசை மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஊர் ஊராக வந்த புகார்கள் அவர் கண்முன்னே ஓடியிருக்க வேண்டும். மீடியம் வயிற்றைப் பிடிக்கிறது, மீடியம் வயிற்றைப் பிடிக்கிறது. இரண்டு வருடமாகத் துணியை மாற்றினோம், பொத்தானை நகர்த்தினோம், சலவையைத் திட்டினோம்.

"அப்ப அத்தன பேரும் மூச்சு விட முடியாம அலைஞ்சது உன்னாலதானா?"

நாளைக்கு மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார். வேலை இருக்குமா?

ஏப்ரல் 3, வியாழன்

வேலை போகவில்லை, பதவி போயிற்று. இனி வெவ்வேறு உடல்வாகில் மூன்று பேர் போட்டுப் பார்ப்பார்கள். வயிற்றுப் பக்கம் தாராளமாக விட்டு மாஸ்டர் புது பேட்டர்ன் வெட்டுகிறார். நான் தைப்பதோடு சரி. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. "பதினாலு வருஷம் கழிச்சாவது மூச்சு விடுங்க" என்றாள்.

ஏப்ரல் 19, சனி

அக்காவோடு நீச்சல்குளம். அவள் இருபது முறை போய்த் திரும்பினாள். நான் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிர்வாகம் பார்த்தேன்.

மே 11, ஞாயிறு

தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி, இடையில் நிற்காமல். மேல்வீட்டுக்காரருக்கு உதவி என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 14, சனி

சர்க்கரை 103. டிரைகிளிசரைடு 161. வயிறு எண்பத்தேழு. எடை மட்டும் ஒரு கிலோ கூடியிருக்கிறது. டாக்டரம்மா அதற்குத்தான் அதிகம் சந்தோஷப்பட்டார். இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறதாம். போவோம்.

ஜூன் 22, ஞாயிறு

சித்தப்பாவின் புது வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அப்பாவை அச்சில் வார்த்த மாதிரி இருப்பார், அதே ஒல்லி. அக்கா உள்ளே நுழைந்ததும், "வாம்மா, உனக்கு ரெண்டு நாற்காலி போடச் சொல்லட்டுமா?" என்றார். வழக்கமாக முதலில் சிரிப்பது நான்தான். அதனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்ணு போதும் சித்தப்பா. அவளுக்கு ஒரு கொறையும் இல்ல, டெஸ்ட் எடுத்துப் பாத்தாச்சு. அப்பா மாதிரி இருக்கற நாம ரெண்டு பேரும்தான் பாத்துக்கணும்."

சாப்பிட உட்கார்ந்தபோது என் எண்களையும் சொன்னேன். சித்தப்பா குழம்பு ஊற்றிக்கொள்ள மறந்து வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

சித்தப்பா அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். வெறும் வயிற்றோடுதான் போக வேண்டுமா, டீ கூடவா கூடாது என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம்.

"அவ்ளோ நேரம் என்னக்கா பேசினாரு?"

"டாக்டர்ட்டப் போகப் பயமா இருக்குமான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கும் இருந்துச்சு சித்தப்பான்னு சொன்னேன்."