கேட்டால் மட்டும்

ஜூன் 3
மேலாளர் சுற்றறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டார். "இன்னும் கொஞ்சம் பாசமா எழுதுங்க. உங்களுக்குத்தான் நல்லா வருமே." ஜூலை முதல் வீட்டிலிருந்து வேலை கிடையாது, ஐந்து நாளும் எல்லாரும் அலுவலகம் வர வேண்டும். ஏன் என்று எழுதுவது மனிதவளப் பிரிவில் என் தலையில் விழுந்தது. 'முகம் பார்த்துப் பேசினால் வேலை சுலபமாகும்.' இந்த ஒரு வரிக்கு அரை நாள்.

ஜூன் 5
உண்மைக் காரணம் இன்று தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "ஆள் அதிகம். நாமளா அனுப்பினா பேர் கெட்டுடும். வரச் சொன்னா பத்துல ரெண்டு பேர் தானாவே கழண்டுக்குவாங்க."

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு விலக்கு உண்டு என்று விதியில் இருக்கிறதே என்றேன்.

"கேட்டா குடுங்க. நாமளா வாயத் திறக்க வேணாம்."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? ஆட்டியே பழகின தலை.

ஜூன் 6
அனுப்பியாச்சு.

ஜூன் 9
கையேடுகளை மொழிபெயர்க்கும் அக்கா போன் செய்தார். கணவர் பக்கவாதத்தில் படுக்கையோடு கிடக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

"எதுக்குத் தம்பி வரச் சொல்றாங்க? தனியா உக்காந்து செய்யற வேலைதானே என்னுது?"

"எல்லாரும் ஒண்ணா இருந்தா நல்லதுன்னு நினைக்கிறாங்கக்கா."

"எனக்கு வேற வழி எதுவுமே இல்லையா?"

கேட்டார். கேட்டால் கொடு என்றுதானே உத்தரவு? ஆனால் 'விலக்கு' என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லையே என்று — சீ! என்ன புத்தி இது. "பாக்கறேன்கா" என்றேன். பார்க்கவில்லை.

ஜூலை 2
அக்கா வந்துவிட்டார். கணவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறாராம். காதில் ஹெட்போனோடு, பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் குழுத் தலைவரிடம் கணினித் திரை வழியாகப் பேசிக்கொண்டிருந்தார். முகம் பார்த்துப் பேசுகிறார்களாம்! அவர் கண்ணில் படாமல் பின்படிக்கட்டு வழியாக இறங்கினேன்.

ஜூலை 17
அக்காவின் கணவர் நேற்று கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். பார்த்துக்கொள்கிறவர் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரம். இடுப்பெலும்பு முறிவு. இன்று அக்காவின் ராஜினாமா வந்தது.

"பாத்தீங்களா, சத்தமில்லாம முடிஞ்சுது" என்றார் மேலாளர்.

நானும் சிரித்து வைத்தேன். எழுதவே கை கூசுகிறது. எதுக்குச் சிரிச்சேன்? யாரைக் குளிர வைக்க?

ஜூலை 20, ஞாயிறு
ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் நின்றபடியே அக்காவிடம் கொட்டிவிட்டேன் — விலக்கு இருந்தது, எனக்குத் தெரியும், சொல்லவில்லை என்று. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"நான் கேட்டேன்ல, தம்பி?"

பிறகு, "அவருக்குச் சாப்பாடு ஊட்டணும்" என்று உள்ளே போய்விட்டார்.

ஜூலை 21
காலையில் எல்லா ஊழியர்களுக்கும் அனுப்பினேன். 'வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு விலக்கு உண்டு. என்னிடம் கேளுங்கள்.' யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. மதியத்துக்குள் பதினேழு பேர் கேட்டுவிட்டார்கள். மேலாளர் கூப்பிடுவார். கூப்பிடட்டும்.

அனுப்பும் முன் பெயர்ப் பட்டியலை ஒருமுறை பார்த்தேன். அக்காவின் பெயர் வெள்ளிக்கிழமையே நீக்கப்பட்டிருந்தது.

நீக்கியது நான்தான்.